பெரிய எழுத்து படிச்சவள்

எனக்கு எழுத்து தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பார்க்கிறவர்கள் கைநாட்டு என்றுதான் முடிவு பண்ணுகிறார்கள். பள்ளிக்கூடம் போகவில்லை, அது நிஜம். நான் படித்தது பஸ் போர்டில்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கல்யாணமான புதிதில் அடி அண்ணாமலையிலிருந்து அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். எந்த வண்டியில் இருக்கிறார் என்று யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள், சொல்லும்போது ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. ஒருநாள் அவரே வண்டி நெற்றியைக் காட்டி, "இது கீழ்பென்னாத்தூர். இந்த எழுத்து இருந்தா நான் இதுல இருப்பேன்" என்றார். நான் முதலில் படித்த வார்த்தை அதுதான். கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் அந்த ஒரு ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. அதைப் பிடித்தவளுக்கு மற்றது லேசு. போளூர், செங்கம், வேட்டவலம், அவலூர்பேட்டை என்று ஊர் ஊராக எழுத்து என்னிடம் வந்து சேர்ந்தது. டெப்போவில் இருக்கிறவர்களிடம் அவர் சொல்வாராம்: "எங்க வூட்டுக்காரி யாரையும் கேக்க மாட்டா. போர்டு பாத்து ஏறுவா."

அந்த எழுத்தெல்லாம் ஒரு சாண் உயரம். காகிதத்தில் எறும்பு போகிற மாதிரி இருப்பதும் அதே எழுத்துதான் என்கிறார்கள். எனக்கு அது வேறு. கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒன்று இரண்டு பிடிப்பேன், அவ்வளவுதான். சர்க்கரை வந்த பிறகு கண்ணுக்குள்ளே புகை மூட்டம் போட்டது. கண்ணில் ஊசி போட்டுவிட்டு டாக்டர், "போனது வராது, இருக்கிறது இருக்கும்" என்றார். காகித எழுத்து மொத்தமாகப் போனது. பஸ் போர்டு இன்றைக்கும் படிப்பேன்.

இதை நான் சொல்லச் சொல்ல டிடிபி கடைப் பெண் அடிக்கிறாள். திரையில் பெரிதாக வரும்படி வைத்திருக்கிறாள். நான் சொன்னதைத்தான் அடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் குரல்தான் சொத்து. மழையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு கம்மி என்பதைக்கூட ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். ரிட்டையர் ஆன பிறகும் பீடியை விடவில்லை. குரல் கம்மியது, சளி என்றோம். முழுங்க முடியவில்லை, புண் என்றோம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாக. மூக்கில் ஒரு டியூப், கஞ்சி அது வழியாக. வாய் சும்மா இருந்தது.

கட்டில் பலகையை விரலால் தட்டுவார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். பஸ்ஸில் அவர் அடித்த விசில் கணக்கு அதுதான். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டியதைத் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதிக் கொடுப்பார். காலமெல்லாம் டிரிப் ஷீட்டில் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் எழுதிய கை. எழுத்து கடுகு மாதிரி இருக்கும்.

எதிர்வீட்டுக்காரி பத்தாவது வரை படித்தவள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு எலுமிச்சை சோடா விற்பாள். அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வேன். அவளுக்குக் கூட்டத்தில் கூவி விற்ற பழக்கம், மெதுவாகப் படிக்கத் தெரியாது.

"அக்கா, வேட்டி நனைஞ்சு போச்சாம்! மாத்தி விடச் சொல்றாரு!"

தெருவில் போகிறவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவான். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். தூங்கும் நேரத்தைத் தவிர அவரும் நானும் பேசிக்கொண்ட பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் நின்றாள். நல்லவள்தான். ஆனாலும் புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்பதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? அதனால் சில தடவை கூப்பிட மாட்டேன். தாளை வாங்கிக்கொண்டு அவர் கண்ணைப் பார்ப்பேன், நேரத்தைப் பார்ப்பேன், என்ன கேட்பார் என்று நினைத்து அதைச் செய்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கஞ்சி நேரம். ஆற்றிக்கொண்டிருந்தேன். அவசரமாக ஏதோ எழுதி நீட்டினார். பசி என்று நினைத்தேன். "தோ, ஊத்தறேங்க, ஆறட்டும்" என்றேன். அவர் கட்டிலை ஒரு தட்டு தட்டினார். எவர்சில்வர் டம்ளரில் நான் ஆற்றுகிற சத்தத்தில் அது காதில் விழவில்லை. ஊற்றினேன்.

டியூப் உள்ளே நகர்ந்திருந்தது. கஞ்சி மேலே ஏறி வாயால் வழிந்து, கழுத்து ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் போய்விட்டது. கழுத்து ஓட்டை வழியாக இருமல் வந்தது, கஞ்சி வந்தது, முகம் நீலமானது. என் கத்தலில் எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டில் படுக்க வைத்து உறிஞ்சி எடுக்கிறவரை நான் வெளியே நின்றேன். என் கையில் அந்தக் காலண்டர் தாள் கசங்கிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி அதை வாங்கிப் பிரித்தாள். அன்றைக்கு ஒரு நாள்தான் அவள் மெதுவாகப் படித்தாள்.

"டியூப் நகர்ந்துடுச்சு. கஞ்சி வேணாம்."

தாளை மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார். ஒரு புத்தகம் கொடுத்தார். பக்கத்துக்குப் பன்னிரண்டு படம், படத்துக்குக் கீழே வார்த்தை. வேண்டியதைத் தொட்டுக் காட்டினால் போதும். என் வீட்டுக்காரர் வாங்கிப் புரட்டினார். ரொட்டியும் வெண்ணெயும் ஒரு படம். தொட்டியில் படுத்துக் குளிக்கிற வெள்ளைக்காரன் ஒரு படம். காலண்டர் தாளில் எழுதி எதிர்வீட்டுக்காரியிடம் நீட்டினார்.

"நான் என்ன எல்கேஜியா" என்று படித்தாள் அவள். அவருக்குக் கோபம், எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு. எத்தனையோ நாளுக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

"படம் வேணாம்னா எடுத்துடலாம்மா. வார்த்தைய மட்டும் உங்களுக்கு வேண்டிய மாதிரி போட்டுக்கலாம்" என்றார் அந்தப் பயிற்சி அம்மா. "இதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம்தான். எந்த டிடிபி கடையிலும் செஞ்சு கொடுப்பாங்க." ஒரு சீட்டில் அதன் விவரம் எழுதிக் கொடுத்தார்.

ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனேன். பே கோபுரம் பக்கம் இந்தக் கடை. சின்னக் கடை, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, அன்னதான நோட்டீஸ் எல்லாம் அடிக்கிற கடை. நாற்பது வயசுப் பெண் ஒருத்தி தனியாக நடத்துகிறாள். சீட்டைப் பார்த்து எதையோ இறக்கி, பத்து வார்த்தை அடித்து, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"பெருசு பண்ணு" என்றேன்.

"இதுல சைஸ் மூணுதான் ஆயா. ஸ்மால், மீடியம், லார்ஜ். இது லார்ஜ்."

"இதுக்குப் பேரு லார்ஜா? வடைன்னு சொல்லி கடலைப்பருப்பைக் கொடுப்பியா நீ?"

"நான் என்ன ஆயா பண்றது? இதுக்கு மேல இந்த சாஃப்ட்வேர்ல இல்ல."

"செவத்துல ஒட்டறியே செத்தவங்களுக்கு, அது மட்டும் இம்மாம் பெருசு வருது?"

"அது வேற சாஃப்ட்வேர், வேற மிஷின். போஸ்டர்னா ஒரு தபா அடிச்சா முடிஞ்சுது. இது புஸ்தகம். வார்த்தைய கொடுத்தா இதுவே பக்கம் பிரிக்குது, ஓரத்துல கலர் போடுது, முன்னாடி பட்டியல் போடுது. நாளைக்குத் தாத்தா புதுசா ஒரு வார்த்தை கேட்டா சேர்த்துட்டு மறுபடி அடிச்சா போதும். கையால பண்ணா ஒவ்வொரு தபாவும் மொத்தமும் முதல்ல இருந்து பண்ணணும். தீபத்துக்கு வேலை குமிஞ்சு கெடக்குது எனக்கு."

"அப்ப இத செஞ்சவங்ககிட்ட கேளு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கேக்கலாம். கேக்கறதுக்குன்னே ஒரு இடம் வச்சிருக்காங்க. எனக்கு அது வேணும் இது வேணும்னு யார் வேணா எழுதலாம்."

"உண்டியல்ல சீட்டு எழுதிப் போடற மாதிரி."

"அதேதான்."

"படிப்பாங்களா?"

"படிப்பாங்க. செய்வாங்களான்னு தெரியாது."

"சாமியைவிட பரவாயில்ல. எழுது."

நான் சொன்னேன், அவள் அடித்தாள். ஐயா, வணக்கம். என் வீட்டுக்காரருக்குக் குரல் இல்லை. எனக்குக் கண் கம்மி. உங்கள் புத்தகத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறது. பக்கம் நிறைய வருகிற மாதிரி பெரிய எழுத்து வேண்டும். இவ்வளவு சொல்லிவிட்டு, "என்ன அடிச்சே, படி" என்றேன். அவள் படித்தாள். நடுவில், நான் படிப்பறிவு இல்லாதவள் என்று ஒரு வரி இருந்தது.

"இது நான் சொல்லலியே?"

"பாவம்னு பாப்பாங்க ஆயா. சீக்கிரம் செய்வாங்க."

"பாவம் பாக்க வேணாம். அத எடு. பெரிய எழுத்து படிச்சவள்னு போடு."

"அப்படி எல்லாம் ஒண்ணு கெடையாது ஆயா."

"உன் எதிர்க்க உக்காந்திருக்கறேன், கெடையாதுங்கற. போடு."

போட்டாள். அதை இங்கிலீஷில் எப்படி மாற்றினாளோ எனக்குத் தெரியாது. அன்றைக்கு என்னை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், போஸ்டர் அடிக்கிறதிலேயே நாலைந்து தாள் மட்டும் கையால் போட்டுக் கொடுத்தாள். வலி. டியூப். மூச்சு. நிறுத்து. ஒரு தாளுக்கு ஒரு வார்த்தை, தாள் கொள்ளாமல்.

வீட்டுக்கு வந்து அவர் மடியில் வைத்துவிட்டு நான் அடுப்பங்கரைக் கதவு வரைக்கும் போய் நின்றேன். அவர் ஒரு தாளைத் தூக்கினார்.

"வலி" என்றேன்.

அடுத்ததைத் தூக்கினார். "மூச்சு." அடுத்தது. "டியூப்."

தாளை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிடாத நேரத்தில் நான் எதையும் படிக்கவில்லை, எல்லாம் குத்துமதிப்பு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டுவதற்குத் தாள் அடிக்கவில்லையே. கட்டிலை இரண்டு தட்டு தட்டினார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது பதில் வந்திருந்தது. அவள் தமிழில் சொன்னாள். எழுதியதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அவ்வளவு பெரிய எழுத்து போட்டால் ஒரு பக்கத்தில் ஒரு வார்த்தைதான் நிற்கும், புத்தகம் தலையணை மாதிரி ஆகிவிடும், நோயாளியால் புரட்ட முடியாது, அதனால் லார்ஜுக்கு மேல் வைக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"எழுது" என்றேன். "என் ஒரு கை கழுத்து ஓட்டையத் துடைக்குது, ஒரு கை டியூபைப் பிடிக்குது. கண்ணாடிய எந்தக் கையால பிடிக்கறது? அவருக்கு ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் ஆவுது. பக்கத்துக்கு ஒண்ணு போதும். புரட்ட முடியாதுன்னு சொல்றாங்களே, அவர் கண்டக்டர். டிக்கெட் கட்டு புரட்டின கட்டைவிரல். எத்தினி தாள் வேணா வைக்கச் சொல்லு."

அதற்கும் பதில் வர நாளானது. அதற்குள் காலண்டர் தாளில் அவர் எழுதுவது நின்றுபோனது. கை நடுங்கியது, பென்சில் விழுந்தது. அந்த நாலைந்து தாளை வைத்துக்கொண்டுதான் ஓட்டினோம். அதில் இல்லாததை அவர் கேட்க முடியாது. ஜன்னலைக் காட்டுவார். நான் திறப்பேன், இல்லை என்று தலையாட்டுவார். மூடுவேன், அதற்கும் தலையாட்டுவார். கடைசியில் கண்ணை மூடிக்கொள்வார். என்ன கேட்டார் என்பது எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

ஒருநாள் கடைப் பெண்ணே போனில் கூப்பிட்டாள். "ஆயா, சேர்த்துட்டாங்க! நாலாவதா ஒரு சைஸ் வந்திருக்குது!" ஓடினேன். அடித்தாள். எழுத்து பெரிதாகத்தான் வந்தது, ஆனால் மேலே இருக்கிற சுழி எல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. தண்ணியும் கஞ்சியும் மரத்தில் இடித்துக் கூரை போன பஸ் மாதிரி நின்றன. இங்கிலீஷ் எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள் போல, நம் எழுத்துக்குத் தலை இருக்கிறது என்று தெரியவில்லை.

"இது போதுமா ஆயா? ஒருமாதிரி படிக்கலாம் இல்ல?"

"தலை இல்லாததை எப்படிப் படிக்கறது? மறுபடி எழுது."

மறுபடி எழுதினாள், படம் எடுத்து வைத்து. இந்தத் தடவை சீக்கிரம் சரி பண்ணினார்கள். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். கடைக்குள் நிற்க இடமில்லை, அன்னதான நோட்டீஸுக்கு ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் அவள் அடித்து, ஸ்பைரல் போட்டு, என் கையில் கொடுத்தாள். நல்ல கனம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "என்ன பாட்டி, பேரப்புள்ளைக்கா?" என்றான். "எனக்கு" என்றேன்.

எந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்தான் வைத்தார். ஸ்பைரலை ஒருமுறை கழற்றி மாட்டினோம். அடிக்கடி வேண்டியது முன்னால், அப்புறம் உடம்பு, அப்புறம் வீடு, மனிதர்கள் எல்லாம் கடைசியில். அவர் ரூட்டில் ஸ்டாப்பிங் வருகிற மாதிரி அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கட்டைவிரலை நாக்கில் வைத்து எடுப்பார், சரசரவென்று புரட்டுவார், நிறுத்துவார். பார்க்காமலே நிறுத்துவார்.

முதல் நாள் டியூபில் கஞ்சி ஊற்றி முடித்தேன். அவர் புரட்டினார். உப்பு. மறுபடி புரட்டினார். கம்மி.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. மூக்கு வழியாகப் போகிற கஞ்சிக்கு உப்பு எங்கே தெரியப் போகிறது? அப்புறம் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். சிரிக்கிறார். கழுத்து ஓட்டையிலிருந்து காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "இன்னாக்கா, என்ன சொல்றாரு?" என்றாள். "ஒண்ணுமில்ல, எங்களுக்குள்ள" என்றேன். அதைச் சொல்வதற்குத்தான் அத்தனை நடை நடந்தேன்.

என் வாயைக் கையால் காட்டிக் காட்டி, வாயாடி என்று ஒரு பக்கம் கேட்டு வாங்கினார். நான் யாரிடமாவது போனில் பேசிக்கொண்டிருந்தால் அதைத் திறந்து நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொள்வார்.

தீபம் முடிந்து கூட்டம் வடிந்தது. அவருக்குக் கழுத்தில் மறுபடி கட்டி தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பரவியிருக்கிறது என்றார்கள். ஊசி மருந்து ஏற்றிப் பார்க்கலாம், தாங்குவாரா என்று சொல்ல முடியாது, ஏற்றாவிட்டால் நாள் கம்மி. எங்கள் பிள்ளை ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஒரே பிள்ளை. "மெட்ராஸ்ல பெரிய இடத்துல சேக்கறேன்மா. வர ஞாயித்துக்கிழம கார் எடுத்துட்டு வரேன். நைனாவ ரெடியா வை" என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயந்திரம் விளக்கு வைத்தேன். பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினேன்.

ஆஸ்பத்திரி.

புரட்டினார்.

வேணாம்.

புரட்டினார்.

வீடு.

படித்துவிட்டேன். கதவருகில் நின்றேன், அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. வாயால் மட்டும் சொன்னேன்: "வெளிச்சம் பத்தலீங்க. சரியா தெரியல. காலையில பாக்கலாம்."

அவர் புத்தகத்தை மூடி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

காலையில் நான் எழுந்தபோது விழித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி வாசல் கதவைக் காட்டினார். திறந்தேன். ஜன்னலைக் காட்டினார். திறந்தேன். வெயில் கட்டில் மேலேயே வந்து விழுந்தது. அப்புறம் புத்தகத்தை எடுத்து, அதே மூன்று பக்கம். ஒவ்வொன்றையும் நான் பார்க்கிற வரைக்கும் வைத்திருந்து, பிறகு அடுத்தது. வீடு என்ற பக்கத்தைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

காலண்டர் தாளாக இருந்திருந்தால் எனக்குத் தெரியவில்லை என்றே இருந்திருக்கலாம். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் படிக்க வைத்திருந்தால், அவள் சொன்னாள், நான் என்ன செய்வது என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். இப்போது நடுவில் யாரும் இல்லை. எழுத்து ஒரு சாண் உயரம். நான் கேட்டு வாங்கிய எழுத்து.

"சரிங்க" என்றேன்.

இரண்டு தட்டு தட்டினார்.

பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நைனா வர மாட்டேன்னுட்டாரு."

"அவரு எப்படிம்மா சொன்னாரு?"

"புஸ்தகத்துல காமிச்சாரு."

"யார் படிச்சா?"

"நான்தான் படிச்சேன்."

"உனக்குக் கண்ணே தெரியாதேம்மா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். யாராவது என்னை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்துவிட்டான். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல், நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பிள்ளை புத்தகத்தை அவர் கையில் வைத்து, "நைனா, போலாமா? மெட்ராஸ் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கட்டைவிரல் தாளின் ஓரத்தில் சும்மா கிடந்தது. புரட்டவில்லை. காரின் பின் சீட்டில் போர்வை விரித்து வைத்திருந்தான். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என்னைத் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன். பார்த்தான், அவ்வளவுதான். சாயந்திரம் வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனான்.

அடுத்த பௌர்ணமி அன்றைக்கு அவர் போய்விட்டார். வீட்டில்தான். ரோட்டில் கிரிவலம் போகிற கூட்டத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் எதையும் காட்டவில்லை. நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். கண் அதன் மேல் நிற்கவில்லை.

சாவு வீட்டில் காதுபடவே பேசினார்கள். படிக்காத பொம்பளை பேச்சைக் கேட்டு நல்ல மனுஷனைக் கொன்றுவிட்டார்கள் என்று பங்காளி வீட்டு ஆள் ஒருத்தர். எதிர்வீட்டுக்காரி சண்டைக்குப் போனாள், நான்தான் பிடித்து இழுத்தேன். பிள்ளை எல்லாக் காரியத்தையும் முறையாகச் செய்தான். என்னிடம் பேசவில்லை. கருமாதி முடிந்து போனவன் வாரம் ஒரு போன், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அதோடு வைத்துவிடுவான்.

போன மாசம் வந்தான். சாப்பிட்டான். கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், "அந்தப் புஸ்தகம் எங்கம்மா?" என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

"அவரு காமிச்சது எது?"

"நீயே பாரு."

பின்பக்கமாகப் புரட்டினான், முன்பக்கமாகப் புரட்டினான். தாளின் ஓரமெல்லாம் அவர் எச்சில் விரல் பட்டு மங்கியிருந்தது. நைனா வைத்த வரிசை அவனுக்குத் தெரியாது, தேடிக்கொண்டே இருந்தான். நான் எழுந்து அடுப்பங்கரைக் கதவு வரைக்கும் போனேன், அன்றைக்கு நின்ற அதே இடம். அவன் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் தூக்கிப் பிடித்தான். சோதிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"போர்வை" என்றேன்.

வேறொன்றைத் திறந்தான். "ஜன்னல்."

இன்னொன்று. "புள்ளை."

அதை அவன் இறக்கவில்லை. தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். அப்படி ஒரு பக்கம் இருப்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. வரிசையில் அது கடைசி ஸ்டாப்பிங், அதன் ஓரம்தான் எல்லாவற்றையும் விட அழுக்காக இருந்தது.

"இத எப்பம்மா காமிப்பாரு?"

"நீ போன் பண்ணாத நாள்ல."

புத்தகத்தை மூடினான். அப்புறம் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சரியாகத்தான் படித்தாய் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தான். ரோடு வரைக்கும் கூடப் போனேன். தூரத்தில் ஒரு வண்டி வந்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். போர்டில் எழுத்து ஓடுகிற புது வண்டி.

"இது செங்கம் போறது. உனக்கு டவுன் வண்டி பின்னால வருது" என்றேன்.

வண்டியை நிறுத்தக் கையைத் தூக்கியவன், இறக்கிவிட்டான்.